கருமண் காட்டுக்கு நாம் பட்ட கடன்

சித்திரை வெயிலில் ராசிபுரம் பக்கத்துக் கருமண் காடுகள் வெடித்துக் கிடக்கின்றன. கோடை மழை எந்த நாளும் இறங்கலாம். இறங்கியதும் டிராக்டர்கள் புறப்படும், உரக்கடைகளில் கூட்டம் சேரும், விதைப்பு தொடங்கிவிடும். அதற்கு முன் உங்களிடம் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வருஷத்தைப் போன வருஷம் போலவே ஓட்டிவிட்டு, மண்ணை அடுத்த வருஷம் கவனித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இனி இடமில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியின் உழவர்களே, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் வாழும் சொந்தக்காரர்களே, ஜவ்வரிசி ஆலையும் கோழிப்பண்ணையும் செங்கல் சூளையும் நடத்துகிறவர்களே! நாம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறோம். திருப்பித் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனை நம் ஊர் மதிப்பதில்லை. மனிதரிடம் பட்ட கடனுக்கு இவ்வளவு கூசும் நாம், மண்ணிடம் பட்ட கடனுக்கும் கூச வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை என்று மலைகள் சூழ்ந்த இந்தச் சமவெளியில் பெரும்பகுதி செம்மண்தான். சுண்ணாம்புச் சத்துள்ள பாறை சிதைந்த இடங்களிலும், மேட்டிலிருந்து வந்த நுண்மண் தேங்கிய தாழ்வுகளிலும் மட்டும் கருமண் அமைந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி வட்டாரங்களில் அது திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் போல அடிவானம் வரை நீளும் கரிசல் நமக்கு வாய்க்கவில்லை. கொஞ்சமாக இருப்பதால் நாம் அதை இன்னும் கவனமாகக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கருமண்ணில் உள்ள களித்துகள் மிக நுண்மையானது. மழை பெய்தால் நீரைத் தன் அடுக்குகளுக்குள்ளேயே இழுத்து உப்புகிறது, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. வெடிப்புக்குள் மேல்மண் உதிர்கிறது, அடுத்த மழையில் வாய் மூடிக்கொள்கிறது. இப்படி மண் தன்னைத்தானே மெல்லப் புரட்டிக்கொள்கிறது. ஐப்பசி மழையைப் பிடித்து வைத்திருந்து, பின்பனிக் காலத்தில் மேலே ஒரு சொட்டும் விழாமலே கொத்தமல்லியையும் கொண்டைக்கடலையையும் விளைவிக்கிறது. செம்மண் காட்டில் பயிர் வாடிய பிறகும் கருமண் காட்டில் பருத்தி தலை நிமிர்ந்து நிற்கும். வெள்ளையர் காலத்துப் பருத்தி வணிகத்தில் ‘சேலம்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு பருத்தி விலைபோனது. இன்றும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் கொங்கணாபுரத்திலும் கூட்டுறவுச் சங்க ஏலத்துக்குப் பருத்தி மூட்டைகள் வருகின்றன. ஒவ்வொரு மூட்டையோடும் மண்ணின் சத்தில் ஒரு பங்கு ஊரைவிட்டுப் போகிறது. அந்தப் பங்கை யார் ஈடு செய்கிறார்கள்?

“எங்க காடு நல்ல கருமண்ணுங்க, அதுக்கு என்ன குறை?” என்று நீங்கள் கேட்கலாம். நம்மை ஏமாற்றுவது அந்தக் கறுப்புத்தான். உக்ரைனிலும் ரஷ்யாவிலும் உள்ள கருமண்ணுக்கு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல் மக்கிச் சேர்ந்த மட்கினால் நிறம் வந்தது. நம் வெப்பத்தில் மட்கு அப்படிச் சேர்ந்து நிற்பதில்லை. களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மட்கும் தாதுக்களும் சேர்ந்துதான் நம் மண்ணுக்கு இந்த நிறத்தைத் தந்திருக்கின்றன. ஆகவே மட்கு பாதியாகக் குறைந்த பிறகும் காடு பார்வைக்குக் கறுப்பாகவே இருக்கும். பசியோடு இருக்கும் மண்ணை வளமான மண் என்று நம்பி, நாம் மேலும் மேலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் தமிழக மண்ணில் 1971-ல் 1.20 சதவீதம் இருந்தது, 2002-ல் 0.68 சதவீதமாக இறங்கிவிட்டது என்பது வேளாண்மைத் துறையே சொல்லும் கணக்கு. நம் அப்பாரு கையில் இருந்த மண்ணுக்கும் நம் கைக்கு வந்த மண்ணுக்கும் உள்ள வேறுபாடு இது. மட்கு குறைந்த களிமண்ணில் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடிவிடும். பெய்த மறுநாள் சேறாக இருப்பது பத்தாம் நாள் பாறையாக இறுகும். மண்புழு போய்விடும். போட்ட உரத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கும் ஆற்றல் குறைந்துவிடும். மூட்டையைக் கூட்டியும் மகசூல் கூடவில்லை என்று கடை வாசலில் நின்று வருந்துகிறவர்கள், உரத்தையும் விதையையும் குறை சொல்வதற்கு முன் தங்கள் காட்டில் ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யும் தவறுகளைப் பெயர் சொல்லியே பேசுவோம்.

காட்டில் தீ வைப்பதை விடுங்கள். பருத்திமார், மக்காச்சோளத் தட்டு, கரும்புச் சோகை எல்லாமே மண் தந்து மண்ணுக்குத் திரும்ப வேண்டியவை. தீ வைத்தால் அவற்றில் உள்ள தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். மட்காக வேண்டிய கரிமமும் அதோடு போய்விடும். மாரை அப்படியே விட்டால் அடுத்த பருத்திக்குக் காய்ப்புழு வரும் என்கிறீர்கள். நியாயம்தான், மாரை நிற்க விடக்கூடாது. ஆனால் அதைப் பிடுங்கித் தூளாக்கி, சாணக் கரைசல் தெளித்து மக்க வைத்தாலும் புழு அழியும். உரமும் மிஞ்சும்.

ஈரக் களியில் டிராக்டரை இறக்காதீர்கள். வண்டி வாடகைக்குக் கிடைக்கும் நாள் பார்த்து உழுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மண் உழவுக்குப் பதமாக இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைந்துவிட்டார்கள். ஈரத்தில் வண்டி ஏறினால் முக்கால் அடி, ஓரடி ஆழத்தில் கெட்டித் தட்டு விழும். வேர் அதைத் தாண்டாது, மழைநீரும் தாண்டாது. வருஷா வருஷம் ரோட்டவேட்டரை மட்டும் ஓட்டினால் மேல்மண் மாவாகும், அடித்தட்டு இன்னும் இறுகும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். அழுத்தினால் உதிராமல் பிசைபட்டால் அன்றைக்கு வண்டி வரப்போரத்திலேயே நிற்கட்டும். வாடகை போனால் மறுபடி சம்பாதிக்கலாம்.

மேல்மண்ணை விற்காதீர்கள். மகளுக்குக் கல்யாணம், மருத்துவமனைச் செலவு, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று நெருக்கடியான வேளையில்தான் ஜே.சி.பி. வைத்திருப்பவர் வந்து ஆசை காட்டுவார். ஆனால் அங்குலக் கணக்கில் இருக்கும் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதை ஒரே இரவில் அள்ளிக் கொடுத்துவிட்டு, கீழே கிடக்கும் சுக்கான் கல்லில் உங்கள் பேரன் எதை விதைப்பான்? ஏரி வண்டலை உழவர் பெயரில் அனுமதிச் சீட்டு வாங்கிச் சூளைக்கு ஓட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன். அந்தச் சீட்டு உழவருக்காக அரசு ஏற்படுத்திய உரிமை. அதை விற்பதும் வாங்குவதும் திருட்டுக்குத் துணைபோவதே.

உப்பு நீரைக் கண்ணை மூடிக்கொண்டு பாய்ச்சாதீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்ப் பூமியைத் துளைக்கின்றன. நம் ஊரிலேயே ஆயிரம் அடி தாண்டியும் துளைத்துவிட்டோம். அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் நீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. செம்மண்ணில் அந்த உப்பு ஓரளவு கழுவிப்போகும். கருமண்ணில் வடிகால் குறைவு, உப்பு அங்கேயே தங்கும். சோடியம் மிகுந்தால் களி தன் கட்டுக்கோப்பை இழந்து குழைந்துவிடும். அப்படிக் கெட்ட நிலத்தை மீட்க ஜிப்சம், தழையுரம், நல்ல மழை, பொறுமை என எல்லாமே வேண்டும். நீரை ஒருமுறை சோதித்துப் பார்க்க ஆகும் செலவு அதன் முன் ஒன்றுமே இல்லை.

யூரியாவைக் காய்ந்த கருமண் மேல் வீசிவிட்டுப் போகாதீர்கள். காரத்தன்மையுள்ள இந்த மண்ணில் அது அம்மோனியாவாக ஆவியாகிப் போகும். மண்ணுக்குள் வைத்து மூடுங்கள், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். வரப்பைக் கரைத்து ஒரு சால் கூட்ட நினைக்காதீர்கள். வரப்பு மெலிந்தால் அடுத்த பெருமழையில் போவது இருவர் காட்டு மண்ணும்தான். ஒரு முழ அகலத்துக்காக நீதிமன்றப் படியேறும் அண்ணன் தம்பிகள், அந்த வரப்பின் மேல் சேர்ந்து வெட்டிவேரோ கிளுவையோ நட்டிருந்தால் இருவருக்கும் மண் மிஞ்சியிருக்கும்.

இனி உங்கள் தரப்பையும் பேச வேண்டும். ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, மாடு வைத்திருந்த பட்டி காலியாகிவிட்டது, வங்கித் தவணை நிற்காது என்று நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. எரு இல்லாமல் போனது உங்கள் சோம்பலால் அல்ல என்பதும் தெரியும். ஆனால் மண்ணுக்குக் காரணம் சொல்லிப் பயனில்லை. ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போட முடியவில்லையென்றால் ஒரு டன்னிலிருந்து தொடங்குங்கள். முழுக் காட்டுக்கும் முடியவில்லையென்றால் ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். ஒன்றுமே செய்யாதிருப்பதை மட்டும் இனி ஏற்பதற்கில்லை.

குத்தகைக் காட்டின் கதை இன்னும் கொடியது. ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்தவர் எதற்கு ஏரி மண் அடிப்பார், எதற்குத் தழையுரம் விதைப்பார்? அடுத்த வருஷம் அந்தக் காடு அவர் கையில் இருக்குமா என்பதே தெரியாது. பிழிந்து எடுத்துவிட்டு நகர்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே இந்தப் பாவத்தில் பெரும்பங்கு சேலத்திலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு வருஷக் கடைசியில் பணத்துக்கு மட்டும் ஊருக்கு வரும் சொந்தக்காரரைச் சேரும். ஐயா, உங்கள் காட்டை ஐந்து வருஷத்துக்குக் கொடுங்கள். எரு போட்ட வருஷத்தில் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். தீ வைக்கக் கூடாது, மண் அள்ளக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருந்தால் மண்ணின் கடனும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

கடனைத் தீர்க்கும் வழி நமக்குப் புதிதல்ல. முதல் கோடை மழைக்குப் பின், மண் பதமாக இருக்கும்போது, சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். ஒவ்வொரு சாலும் அங்கங்கே மழைநீரைத் தடுத்து நிறுத்தும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக் கலப்பையால் அடித்தட்டை உடையுங்கள். பிறகு சணப்பையோ தக்கைப்பூண்டையோ ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாள் வாக்கில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். எரு கிடைக்காத காட்டுக்கு இதைவிட எளிய எரு இல்லை. 2024-25-ல் அரசு அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறார்கள். வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போய்க் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டாம் முறையும் போய்க் கேளுங்கள்.

ஆட்டுக்கிடையை மறுபடி அழையுங்கள். மேச்சேரி என்ற பெயரிலேயே ஓர் ஆட்டினம் உள்ள மாவட்டம் நம்முடையது. அறுவடைக் காட்டில் சில இரவுகள் பட்டி போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் சேரும், தூக்குக்கூலி கிடையாது. கிடைக்காரரைக் காட்டுக்குள் விட யோசிக்கும் நீங்கள், அவருக்குக் குடிதண்ணீரும் மரியாதையும் கொடுத்து அழைத்த உங்கள் பாட்டனை நினைத்துப் பாருங்கள். திருவள்ளுவர் உழவைப் பற்றி ஓர் அதிகாரமே பாடி, உழுவதை விடவும் எரு இடுவதை மேலாக வைத்தார். அந்த வரிசையை நாம்தான் தலைகீழாக்கினோம்.

ஏரி வண்டலைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். தூர்வாரும் காலத்தில் புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 கன மீட்டர் வரை வண்டலை விலையில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு இடம் தருகிறது. 2017-ல் மேட்டூர் அணை முதன்முறையாகத் தூர்வாரப்பட்டபோது சுற்றுவட்டார உழவர்கள் அந்த வண்டலைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் ஏற்கெனவே கனத்த களிக் காட்டில் களிவண்டலைக் கொட்டுவதில் பயன் குறைவு. மேல்மண் கரைந்த மேட்டுக்கும், பக்கத்துச் செம்மண் காட்டுக்கும் அது அமுதம். கனத்த களிக்கு வேண்டியது மட்கும், வடிகால் வாய்க்காலும்தான். அகலப் பாத்தி, நடுவில் சால் என்று அமைத்தால் மிகுநீர் வடியும், வடிந்த நீரைத் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டையில் பிடித்தால் பூவெடுக்கும் காலத்தில் பருத்தியைக் காக்கும். கருமண் காட்டுக்கு இம்முறையை ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு மையம் பல ஆண்டுகள் சோதித்துப் பரிந்துரைத்திருக்கிறது.

ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்காதீர்கள். மரவள்ளி சாம்பல்சத்தை அள்ளி எடுக்கும் பயிர். இலை மூடும் வரை முதல் மூன்று மாதம் மண் வெயிலுக்கும் மழைக்கும் திறந்தே கிடக்கும். இடையில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தால் மண் மூடப்படும், தழைச்சத்தும் சேரும். பருத்திக்குப் பின் சோளமும் மொச்சையும், மக்காச்சோளத்துக்குப் பின் பயறு என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 குணங்களைச் சோதித்துச் சொல்கிறது. அட்டையை வாங்கிப் பரணில் போடாமல், அங்ககக் கரிமம் என்ற ஒரு வரியையாவது படித்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தியூரிலும் நாமக்கல்லிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மரவள்ளிக்கு ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்கப் போகிறவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் உண்டு.

தொழில் நடத்துகிறவர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. 1981-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கிய நாளிலிருந்து ஜவ்வரிசியால் இந்த மாவட்டங்கள் வாழ்ந்தது உண்மை. அந்தக் கிழங்கு விளைந்த மண்ணிலேயே புளித்த கழிவுநீரை விடுவது நன்றிகெட்ட செயல். கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஆலையை ஓட்டுகிறவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் வழியைப் பாருங்கள். கோழிப்பண்ணை அதிபர்களே, நாமக்கல்லில் எரு மலைபோல் குவிகிறது, பக்கத்துக் காட்டு மண்ணோ பசித்துக் கிடக்கிறது. பச்சை எருவை அப்படியே கொட்டினால் பயிர் கருகும், உப்பும் ஏறும். தென்னைநார்க் கழிவோடும் மரவள்ளித் தோலோடும் சேர்த்து மக்க வைத்து, அக்கம்பக்கத்து உழவருக்கு முதலில் கொடுங்கள். சேலம் நகரத்தாரே, சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு உங்கள் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டுதான் நாமக்கல் மாவட்டத்து வயல்களைத் தொட்டுக் காவிரியில் சேர்கிறது. உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து வெளியேறும் நீர் யாரோ ஒருவர் காட்டில்தான் போய் நிற்கிறது.

காலம் கடந்தபின் விழித்தவர்களின் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவின் பெரும்புல்வெளியைப் பேராசையோடு உழுது போட்டதால் 1930-களில் வறட்சி வந்தபோது மண் புழுதியாக எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலை இரவாக்கிய புழுதிப்புயல் வந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி மண் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். சீனா தன் வடகிழக்குக் கருமண் தேய்ந்துபோவதைக் கண்டு, அதைக் காக்கவே தனிச்சட்டம் இயற்றி 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. கருமண்ணை அள்ளி விற்பது அங்கே தண்டனைக்குரிய குற்றம். கருமண் நாடுகளை இணைக்கும் வலையமைப்பை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2017-லேயே ஏற்படுத்திவிட்டது. உலகம் இவ்வளவு பதறும்போது, கைப்பிடியளவு கருமண் வைத்திருக்கும் நாம் அசையாமல் இருக்கலாமா?

2018-ல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது இதே சேலம் மாவட்டத்து உழவர்கள் காட்டில் விழுந்து அழுதார்கள், நீதிமன்றம் போனார்கள். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. நிலத்தை எடுக்க வந்தவர்களை எதிர்த்து நிற்கத் தெரிந்த நமக்கு, நம் கையாலேயே மண் போவதை எதிர்த்து நிற்கவும் தெரிய வேண்டும். அளவுக்கல்லுக்குள் பரப்பு குறையாமல் இருந்து, உள்ளே உயிர் போய்விட்டால், நாம் காத்தது வெறும் பட்டாவைத்தான்.

ஆகவே இந்தக் கோடை மழைக்குள் நான்கு காரியத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் காட்டில் ஓர் ஏக்கரையாவது ஒதுக்கிப் பசுந்தாள் விதையுங்கள். இந்த வருஷத்து மாரையும் தட்டையும் எரிக்க மாட்டேன் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் சோதனைக்குக் கொடுங்கள். மேல்மண் விலை பேச வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஊர்க் கூட்டத்திலும் உழவர் மன்றத்திலும் கோயில் நோம்பிக்குக் கூடும் இடத்திலும் இதைப் பேசுங்கள். நாலு பேர் செய்தால் நாற்பது பேர் பார்ப்பார்கள். வட்டி ஏறும் கடனைச் சிறுகச் சிறுகவாவது கட்டத் தொடங்குகிறவன்தான் மீள்வான். முதல் தவணையை இந்தப் பருவத்திலேயே கட்டுங்கள்.